பேப்பர் ரோல் கட்டரில் நேராகக் கிழிப்பது எப்படி?

கேள்வி:
பார்சல் சுற்றுவதற்கு பிரவுன் பேப்பர் ரோலும் அதை மாட்டுகிற கட்டர் ஸ்டாண்டும் வாங்கினேன். கிழித்தால் பாதி தூரம் ஒழுங்காக வந்துவிட்டு அப்புறம் கோணலாக ஓடுகிறது, போதாக்குறைக்கு ஸ்டாண்டே மேஜையில் நகர்ந்து வருகிறது. பிளேடு மொக்கையா, இல்லை கிழிக்கிற விதம் சரியில்லையா?

பதில் 1:
பிளேடு கூர்மையாக இருக்கத் தேவையே இல்லை. தாளை இரண்டு கையாலும் நேராக மேலே இழுக்காதீர்கள். ஒரு ஓரத்தைப் பிடித்து, பிளேடின் விளிம்போடு ஒட்டினாற்போல் குறுக்காக ஒரே வீச்சில் கிழியுங்கள், மற்ற கை ரோல் சுழலாமல் அமுக்கிக்கொள்ளட்டும். ஸ்டாண்டின் காலில் ஓட்டை இருந்தால் மேஜையோடு ஸ்குரூ போட்டுவிடுங்கள்.

பதில் 2:
ஸ்பிரிங்கையும் பாருங்கள். ரோல் தீரத் தீர பிளேடு கீழே இறங்கி, தாளை இரு பக்கமும் சமமாக அழுத்த வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் அந்தப் பக்கம் தாள் வழுக்கும், எப்படிக் கிழித்தாலும் கோணல்தான்.

கேட்டவர்:
இடது பக்க ஸ்பிரிங் கொக்கியில் மாட்டாமல் தொங்குகிறது! சரி, இதிலேயே செலோபேன் போடலாமா?

பதில் 2:
அதற்குப் பல் வைத்த பிளேடுதான் சரிப்படும், நேர் விளிம்பில் பிளாஸ்டிக் கிழியாமல் இழுபடும். மாட்டும்போது விரல் பத்திரம், அந்தப் பற்கள் நன்றாகவே கீறும்.