படுத்தாலும் வேலை நினைப்பு விடவில்லை, கவுன்சிலிங் போகலாமா?

கேள்வி:
பெரிய பிரச்சினை என்று எதுவும் இல்லை. ஆனால் போனில் மேலதிகாரி பெயர் வந்தாலே தாடை இறுகிவிடுகிறது. படுத்தால் மறுநாள் வேலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். இதற்கெல்லாம் கவுன்சிலிங் போவார்களா? அங்கே என்னதான் செய்வார்கள்?

பதில் 1:
தாராளமாகப் போகலாம் தங்கச்சி. முற்றட்டும் என்று காத்திருக்கவே வேண்டாம். நானும் போனவள்தான். முதல் நாள் பெரும்பாலும் கேள்விகள்: தூக்கம் எப்படி, எப்போது தொடங்கியது, மனம்விட்டுப் பேச யார் இருக்கிறார்கள். ஒரு அமர்வு சுமார் 50 நிமிடம்.

எனக்குச் செய்தது சிபிடி (CBT), அதாவது நம் எண்ணங்களையும் நடந்துகொள்ளும் விதத்தையும் கவனித்து மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை. 1960-களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய முறை. நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்து எழுதச் சொன்னார்கள்: என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, உடம்பு என்ன செய்தது. "மேனேஜர் கூப்பிட்டார்" என்பதற்குப் பக்கத்தில் "வேலை போகப்போகிறது" என்று எழுதியிருந்தேன். "இதற்கு என்ன ஆதாரம்?" என்று கவுன்சிலர் நிதானமாகக் கேட்டார். யோசித்துப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை! இப்போதும் போன் அடித்தால் முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 2:
தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு, தூக்கமின்மை வரும். டாக்டரிடம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் சகோதரி.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. சொல்வது வெளியே போகாதே?

பதில் 1:
போகாதும்மா. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் மட்டும் விதிவிலக்கு. முதல் நாளே அதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள். அவரோடு ஒத்துவராவிட்டால் தயங்காமல் வேறொருவரைப் பார்.