பட்டுக்கோட்டை பக்கம் 3 ஏக்கர் தென்னந்தோப்பு வாங்கலாமா? மழை, புயல் நிலவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

திருப்பூர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை பாக்குறேன், மாமனார் ஊரு பேராவூரணி. அங்க 3 ஏக்கர் தோப்பு விலைக்கு வருது, மரமெல்லாம் நல்ல காய்ப்புல இருக்குன்னு மச்சான் போட்டோ அனுப்பினாரு, பாத்தா ஆசையாத்தான் இருக்கு. ஆனா வீட்ல அம்மா "அது கஜா அடிச்ச ஊருடா, வேண்டாம்"னு ஒரே பிடிவாதம். எங்க ஊர்ல வெயில் தெரியும், வறட்சி தெரியும், புயல்னா டிவில பாத்ததோட சரி. அந்தப் பக்கம் வருஷம் முழுக்க கிளைமேட் எப்படி இருக்கும், எத்தன வருஷத்துக்கு ஒருக்கா இந்த மாதிரி அடிக்கும், அடிச்சா நிஜமா எவ்வளவு போகும்? அனுபவப்பட்டவங்க சொன்னா நல்லா இருக்கும்.

கடைமடையான்:
தம்பி, நான் பேராவூரணி பக்கம்தான். எங்க ஊரு வருஷம் எப்படின்னா, தை மாசில காலைல பனி, பகல்ல இதமா இருக்கும், பங்குனி பொறந்தா வெயில் ஏறும், கடல் கிட்ட இருக்கறதால உங்க ஊர் மாதிரி காய்ஞ்ச வெயில் இல்ல, பிசுபிசுன்னு வேர்க்கும், மதியத்துக்கு மேல கடக்காத்து வந்தாத்தான் உசுரு வரும். ஆடில மேலக்காத்து மண்ண வாரி அடிக்கும், சாயந்தரம் இடி இடிச்சு ஒரு மழை பேஞ்சா உண்டு, இல்லன்னா இல்ல. எங்களுக்கு மழைன்னா அது ஐப்பசி கார்த்திகைதான். தமிழ்நாடு மொத்தத்துக்கே வருஷ மழைல பாதி கிட்ட வடகிழக்குப் பருவமழைதான், டெல்டா கடலோரத்துல அதுக்கும் மேல. அந்த ரெண்டு மூணு மாசம் பேயணும், பேஞ்சா புயலோட பேயும், புயல் வேண்டாம்னா மழையும் இல்ல, இதுதான் எங்க பொழப்பு.

2016ல பாருங்க, வடகிழக்குப் பருவமழை சராசரி 44 செ.மீ. பேயவேண்டிய மாநிலத்துல 17 செ.மீ. கூட வரல. புது ஆத்துல (கல்லணைக் கால்வாயத்தான் நாங்க அப்படிச் சொல்றது) கடைமடைக்கு தண்ணி எட்டல, தென்ன மட்டை எல்லாம் தொங்கிப் போச்சு, ஓலை மஞ்சளாகி குரும்பை கொட்டுச்சு. அதுல இருந்து மரம் தேறி வந்து நல்லா காய்க்க ஆரம்பிச்ச நேரத்துல 2018 நவம்பர்ல கஜா. வறட்சிக்கும் புயலுக்கும் நடுவுல சரியா ரெண்டு வருஷம்.

எங்க தோப்புல 160 மரம், காலைல நின்னது 11. சாஞ்சது பாதி, மீதி நடுவுல திருகி முறிஞ்சு கெடந்துச்சு. குருத்து ஒடிஞ்ச மரம் பாக்க நிக்கிற மாதிரி இருக்கும், பத்து பதினஞ்சு நாள்ல ஓலை பழுத்துத் தொங்கும், அவ்வளவுதான். எங்கப்பா ஒவ்வொரு மரமா போய் அண்ணாந்து பாத்துட்டு ஒண்ணும் பேசாம வந்து திண்ணைல ஒக்காந்தாரு.

கிண்டல்பாண்டி:
யூடியூப்ல ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் வந்தா "டெல்டாவை நோக்கி ராட்சசப் புயல்"னு போடுறான், அத நம்பினா யாரும் நெலமே வாங்க முடியாது. சும்மா வாங்குங்க ப்ரோ.

உப்பளத்தான்:
கிண்டல்பாண்டி சார், நீங்க எந்த ஊருன்னு தெரியல, நான் வேதாரண்யம். யூடியூப் தலைப்பெல்லாம் வேஸ்ட்டு, ஒத்துக்கறேன், ஆனா அதுக்காக அடிச்சதெல்லாம் பொய்யாகிடாது. கஜா கரையக் கடந்தது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல, 2018 நவம்பர் 16, ராத்திரி பன்னெண்டரைல இருந்து ரெண்டரைக்குள்ள. மணிக்கு 120 கி.மீ. காத்து. மொதல்ல வடக்க இருந்து அடிச்சுது, ஓடு பறக்குற சத்தம் கேட்டுக்கிட்டே சாமி ரூம்ல நாங்க ஆறு பேர் ஒக்காந்திருந்தோம். அப்புறம் ஒரு நேரம் டக்குனு அடங்கிருச்சு, எலை அசையல. முடிஞ்சுதுன்னு சித்தப்பா கதவத் தொறக்கப் போனாரு, எங்க ஆயா விடல, "எதிர்க்காத்து வரும்டா, ஒக்காரு"ன்னுச்சு. கொஞ்ச நேரத்துல தெக்க இருந்து அடிச்சது பாருங்க, வடக்க அடிச்சப்போ பாதி சாஞ்சு நின்ன மரமெல்லாம் அதுலதான் வேரோட போச்சு. புயலோட கண்ணு நம்ம தலைக்கு மேல போனா அப்படித்தான்னு எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது, ஆயாவுக்கு 77ல அனுபவம்.

அந்த 77 புயல் (நவம்பர் 12) எங்க மாவட்டப் பக்கம் 500 பேருக்கு மேல காவு வாங்குனது. கஜால மாநிலம் முழுக்க 45க்கு மேல. காத்து கொறைச்சல்னு இல்ல, முன்னாடியே சொல்லிட்டாங்க, பத்தாயிரக்கணக்குல ஜனத்த முகாமுக்குக் கொண்டு போய்ட்டாங்க. அதனால சாவு எண்ணிக்கைய வச்சு புயல அளக்காதீங்க. கரண்டு கம்பம் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல போச்சு, சில கிராமத்துல மாசக்கணக்குல இருட்டு, ஜெனரேட்டர் வச்சிருந்தவன் செல்போன் சார்ஜ் போட காசு வாங்கினான். எங்க உப்பளத்துல கடல்சேறு ஏறி பாத்தியே தெரியல, தை மாசியில தொடங்க வேண்டிய வேலை, சேற வாரிப் போடவே அந்த சீசன்ல பாதி போச்சு.

சுனாமியையும் இதுலயே சேத்துப் பேசுறாங்க சிலர். அது வேற கணக்கு, பூகம்பத்துல வந்தது, வானத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, 2004 டிசம்பர் 26 அன்னிக்கு காலைல நல்ல வெயில். நாகை மாவட்டத்துல மட்டும் 6 ஆயிரம் பேர் போனாங்க. அத நெனச்சு பேராவூரணில தோப்பு வாங்க பயப்பட வேண்டாம்.

கணக்குப்புள்ள:
எத்தன வருஷத்துக்கு ஒருக்கான்னு கேட்டீங்க, அப்படி காலண்டர் போட்டு வராது. 1977 நாகப்பட்டினம், 2008 நிஷா, 2018 கஜா. இதுல நிஷா காத்துல பெருசு இல்ல, மழைல கொன்னுருச்சு, ஒரத்தநாட்டுல ஒரே நாள்ல 60 செ.மீ.க்கு மேல. 2020 புரெவி கரையக்கூட ஒழுங்கா கடக்காம மன்னார் வளைகுடால படுத்துக்கிட்டே டெல்டா நெல்ல முக்கி எடுத்துச்சு. பொங்கல் தாண்டினா நிம்மதின்னும் சொல்ல முடியாது, 2023 பிப்ரவரி ஆரம்பத்துல பேஞ்ச மழைல அறுவடைக்கு நின்ன சம்பா சாஞ்சு முளைச்சுப் போச்சு. ஆனா தென்னைக்கு இந்த வெள்ளம் பெருசா ஒண்ணும் பண்ணாது, அதுக்கு எமன் காத்துதான்.

இப்ப காசு. ஏக்கருக்கு 70 மரம்னு வச்சா உங்க 3 ஏக்கர்ல 210. கஜாவுக்கு அரசு குடுத்தது மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100. மொத்தமும் விழுந்திருந்தா 2,31,000 ரூபா, அதுல 1,05,000 வெட்றதுக்கே. புதுக்கன்னு வச்சா நாட்டு நெட்டை காய்க்க 6, 7 வருஷம், முழு மகசூலுக்கு இன்னும் மேல. அந்த வருஷங்கள் பூரா உரம், தண்ணி, கூலி கைல இருந்து போகும், நஷ்டம்னா எனக்கு இதுதான்.

தென்னை வளர்ச்சி வாரியத்தோட மரக் காப்பீடு ஒண்ணு இருக்கு, முக்காவாசிப் பேருக்குத் தெரியாது. நான் பாத்தப்ப 16 வயசுக்கு மேல மரத்துக்கு பிரீமியம் 14 ரூபா, அதுல விவசாயி பங்கு கால்வாசி, இழப்பீடு 1,750. உங்க 210 மரத்துக்கு வருஷம் 735 ரூபா. ரெண்டு பிரியாணி காசு. இப்ப என்ன ரேட்டுன்னு வேளாண்மை ஆபீஸ்ல கேட்டுக்குங்க. நெல்லுக்கு இருக்குற பயிர்க் காப்பீடு இதுக்கு ஆகாது, அத எடுத்துட்டு இதுவும் சேந்திருக்குன்னு ஏமாந்து நின்னவங்கள எனக்குத் தெரியும்.

திருப்பூர்வாசி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். காப்பீடு விஷயம் நெஜமாவே தெரியாதுங்க. கடைமடையான் அண்ணே, ஒரு டவுட்டு, அவ்வளவு பட்டும் நீங்க மறுபடி தென்னைதான் வச்சீங்களா?

கடைமடையான்:
வேற என்ன வைக்க தம்பி, எங்கப்பாவுக்கு வேற தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா மொதல்ல மாதிரி வைக்கல. ஒரு பக்கம் நெட்டை, ஒரு பக்கம் குட்டை ரகம், நடுவுல வாழை, கொஞ்சம் மிளகு ஏத்திருக்கேன். ஓரத்துல சவுக்கு போட்டிருக்கேன், காத்தத் தடுக்குதோ இல்லையோ கம்பாவது காசாகும்.

நான் செஞ்ச தப்பு ஒண்ணு சொல்றேன். கூலிக்கு ஆள் கெடைக்கல, மெஷின் வாள் வச்சிருந்தவன் கேட்ட காசும் கைல இல்ல, விழுந்த மரத்த எல்லாம் தோப்பு மூலைல குவிச்சுப் போட்டு வச்சேன். அது மக்கி, அதுக்குள்ள காண்டாமிருக வண்டு முட்டை வச்சு, அடுத்த வருஷம் புதுக்கன்னு குருத்தெல்லாம் துளைச்சுருச்சு. புயலுக்குத் தப்பின 11ல நாலு மரம் வண்டுக்குப் போச்சு.

நீங்க பாக்குற தோப்புல மரத்துக்கு என்ன வயசுன்னு விசாரிங்க. எல்லாம் கஜாவுக்கு அப்புறம் வச்சதுன்னா இப்பதான் காய்ப்புக்கு வருது, அவங்க ஏன் விக்கிறாங்கன்னு யோசிங்க. போர் தண்ணிய வாய்ல வச்சுப் பாருங்க, கடல் பக்கம் போகப் போக உப்பு ஏறும். அப்புறம் முக்கியமா, சித்திரைல வந்து பாக்காதீங்க, அப்ப எந்தத் தோப்பும் அழகாத்தான் இருக்கும். ஐப்பசில ரெண்டு நாள் விடாம பேஞ்ச மறுநா வாங்க, தண்ணி எங்க நிக்குது எங்க வடியுதுன்னு நேர்ல தெரியும்.

திருப்பூர்வாசி:
சரிங்கண்ணே, தீபாவளி லீவுக்கு எப்படியும் மாமனார் வீட்டுக்கு வரணும், அப்ப மழை புடிச்சா அடுத்த நாளே பாத்துடறேன். அம்மாவையும் கூட்டிட்டு வரேன், உங்ககிட்ட பேசினா கொஞ்சம் அடங்கும்.

கடைமடையான்:
வாங்க. ரப்பர் செருப்பு எடுத்துட்டு வாங்க, ஷூவோட வந்தா வரப்புல வழுக்கி விடும்.