குளோபுலினில் இருந்து காட்மியம் கழன்றுவிடுகிறது: உப்பு மாற்று வேண்டும்

வணக்கம். மாதிரி: ஈரோடு, காலிங்கராயன் கால்வாய்ப் பாசன நெல், தீட்டாத அரிசி. மொத்தக் காட்மியம் கிலோவுக்குச் சுமார் 0.2 மி.கி. அது எந்தப் புரதத்தோடு பிணைந்திருக்கிறது என்று பார்க்கிறோம்.

ஹெக்சேனில் கொழுப்பு நீக்கிய மாவு, கிராமுக்கு 10 மி.லி. வீதம் வரிசையாகத் தண்ணீர், 5% சோடியம் குளோரைடு, 70% எத்தனால், 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு என்று கரைத்துப் புரதங்களைப் பிரிக்கிறோம். சிக்கல் இரண்டாவதில்தான், அதாவது உப்பில் கரையும் புரதமான குளோபுலினைப் பிரிக்கும் படியில். உப்பை நீக்க, 3.5 கிலோடால்டன் பையில் (அதைவிடச் சிறிய மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வு) ஓர் இரவு தண்ணீரில் டயாலிசிஸ் வைத்தால் குளோபுலின் வெள்ளைத் திரியாகப் பைக்குள்ளேயே படிகிறது. காட்மியத்தில் பாதிக்கு மேல் வெளித் தண்ணீரில் கிடக்கிறது.

உலோகத்தைப் பற்றி இழுக்கும் இ.டி.டி.ஏ. அறவே இல்லை. புரதத்தில் காட்மியம் பிணையும் சிஸ்டீனின் தயாலோடு (கந்தகத் தொகுதி) போட்டி போடும் என்பதால் மெர்காப்டோஎத்தனாலையும் நிறுத்தியாச்சு. பி.எச். 7.5-இல் நிலைநிறுத்தினோம், அமிலத்தன்மை ஏறிக் காட்மியம் கழலவும் வழியில்லை. காட்மியம் நைட்ரேட் மட்டும் ஊற்றிப் பார்த்ததில் பைச் சவ்வு எதையும் பிடித்து வைக்கவில்லை. உலோகத்தை அளக்கும் நிறை நிறமாலைக் கருவியான ஐ.சி.பி.-எம்.எஸ்.-இல் காட்மியம் ஐசோடோப்பு 114-க்கு வெள்ளீயம், 111-க்கு மாலிப்டினம் ஆக்சைடு குறுக்கீடு இரண்டையும் திருத்திவிட்டோம். கருவிப் பிழை இல்லை.

குளோரைடு காட்மியத்தோடு அணைவுச் சேர்மம் அமைத்துப் புரதத்திலிருந்து பிடுங்குகிறது என்பதே என் சந்தேகம். அதே செறிவில் சோடியம் நைட்ரேட் போட்டால் இழப்பு குறைகிறது, ஆனால் குளோபுலினும் குறைவாகத்தான் கரைகிறது. பைட்டேட்டோடு (தானியத்தில் பாஸ்பரஸைச் சேமிக்கும் சேர்மம்) இருந்த காட்மியமும் கொஞ்சம் கலந்து வரலாம்.

அரிசிக் குளோபுலினை முழுசாகக் கரைத்து, காட்மியத்தைத் தொடாமல் விடுகிற குளோரைடு இல்லாத உப்பு எது, எந்தச் செறிவில்?