க்ரோன்ஸ்னு சொல்லிட்டாங்க... சாப்பாட்டுல மிஞ்சினது நாலு ஐட்டம், மாத்திரை டப்பா ஏழு

வயித்துக்காரன்29:

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் கொலோனோஸ்கோபி, எம்ஆர் ஸ்கேன் எல்லாம் எடுத்து க்ரோன்ஸ்னு உறுதி பண்ணிட்டாங்க, குடல்ல தீராத வீக்கமும் புண்ணும் வர்ற நோயாம். சிறுகுடல் முடியற இடம், டெர்மினல் இலியமாம், அங்கதான் புண்ணும் வீக்கமும். இப்ப பியூடசோனைட்ங்கற ஸ்டீராய்ட் 9 மில்லிகிராம் போய்ட்டு இருக்கு, அடுத்த தடவை பயலாஜிக் (வீக்கத்தை அடக்கற ஊசி மருந்து) பத்தி பேசலாம்னு டாக்டர் சொன்னார். என்ன சாப்பிடலாம்னு கேட்டதுக்கு "ஒத்துக்கறத சாப்பிடுங்க"ன்னு ஒரே வரி. எது ஒத்துக்கும்னு தெரிஞ்சா நான் ஏங்க கேக்கப் போறேன்?

வீட்டுக்கு வந்து நெட்ல படிக்க ஆரம்பிச்சேன், அதுதான் தப்புன்னு இப்ப தோணுது. ஒருத்தர் பால் கூடாதுங்கறார், இன்னொருத்தர் கோதுமை கூடாது, அடுத்தவர் சர்க்கரை, அப்புறம் பழம், பருப்பு, முட்டை... ஒவ்வொண்ணா நிறுத்தி இப்ப குழைய வேகவச்ச சோறு, உருளைக்கிழங்கு, கேரட், வாழைப்பழம், அவ்ளோதான். 61 கிலோ இருந்தவன் 53க்கு வந்துட்டேன். சத்து குறையுமேன்னு பயந்து நானா வாங்கிப் போடறது: மல்டிவைட்டமின், இரும்பு, ஜிங்க் 50, மெக்னீசியம், மீன் எண்ணெய், மஞ்சள் கேப்சூல், ப்ரோபயாடிக். இதெல்லாம் ஆரம்பிச்சப்புறம் ஒரு நாளைக்கு 7, 8 தடவை போகுது, கலர் வேற கருப்பா இருக்கு, பயமா இருக்கு.

ரிப்போர்ட்: ஹீமோகுளோபின் 10.4, ஃபெரிட்டின், அதாவது உடம்புல இரும்பு இருப்பு, 48 (நார்மல்னு போட்டிருக்கு), சிஆர்பி (வீக்கத்தைக் காட்டற அளவு) 32, பி12 180, விட்டமின் டி 14. இதுல எதை வச்சுக்கறது, எதைத் தூக்கிப் போடறது?

ரெண்டாவது இன்னிங்ஸ்:

தம்பி, எனக்கு க்ரோன்ஸ் வந்து 12 வருஷம் ஆச்சு, ஒரு ஆபரேஷனும் ஆச்சு. உன் லிஸ்ட்டைப் படிக்கும்போது என் பழைய டைரியைப் படிக்கற மாதிரி இருந்துச்சு. சாப்பாட்டைக் குறைச்சா நோய் பட்டினியில சாகும்னு நானும் நெனச்சேன், மெலிஞ்சது நான்தான்.

முதல்ல அந்த ஃபெரிட்டின். 48 நார்மல்னு லேப் போடும், ஆனா உடம்புல வீக்கம் இருக்கும்போது ஃபெரிட்டின் தானா ஏறும், அதனால சிஆர்பி 32 இருக்கறப்ப 100க்குக் கீழ இருந்தாலே இரும்பு பத்தலையோன்னு சந்தேகப்படணும். ரத்தத்துல ஓடற இரும்பு போதுமான்னு காட்ட டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, பாத்தாங்களான்னு கேளு. மாத்திரை இரும்பு நம்மள மாதிரி புண்ணு ஆறாத குடலுக்கு சிரமம், உள்ள சரியா ஏறாது, ஏறாம மிஞ்சினது குடல்லயே கிடந்து வயித்தை இன்னும் கலக்கும். எனக்கு கடைசியில நரம்பு வழியாத்தான் ஏத்தினாங்க. கருப்பா போறது பெரும்பாலும் இந்த மாத்திரையாலதான், ஆனா தார் மாதிரி பிசுபிசுன்னு, தாங்க முடியாத நாத்தத்தோட இருந்தா, இல்ல தலை சுத்தினா, காத்திருக்காதே, அன்னைக்கே போய்க் காட்டு.

பி12 உறிஞ்சற இடமே அந்த டெர்மினல் இலியம்தான், அதான் உனக்கு 180. எனக்கு 30 செ.மீ. வெட்டி எடுத்துட்டதால ஆயுசுக்கும் ஊசி. உனக்கு ஊசியா மாத்திரையான்னு டாக்டர் சொல்லுவார். ஒண்ணு மட்டும் கவனி, பி12 குறைவா இருக்கறப்ப நீயா ஃபோலிக் ஆசிட் மட்டும் தனியா போட்டுடாதே, ரத்தம் சரியாயிட்ட மாதிரி காட்டும், நரம்பு பாட்டுக்கு கெட்டுக்கிட்டே போகும்.

அப்புறம் அந்த மெக்னீசியம்! மலச்சிக்கலுக்குக் குடுக்கற சாமான் அது, லூஸ் மோஷன் ஆளு எடுத்தா 8 தடவை போகாம என்ன பண்ணும்.

இயற்கைவழி:

ப்ரோ, மருந்து கம்பெனிக்காரன் சொல்றத நம்பாதீங்க. நான் கோதுமை, பால், சர்க்கரை மூணையும் அடியோட நிறுத்தினேன், மாத்திரையும் நிறுத்திட்டேன், ரெண்டு வருஷமா ஒரு வலி கிடையாது. குடல் தானா ஆறும்.

கால்ப்ரொடெக்டின் 1400:

இயற்கைவழி, உங்களுக்கு வலி இல்லன்னா சந்தோஷம், ஆனா கடைசியா மலத்துல கால்ப்ரொடெக்டின் (குடல் வீக்கத்தைக் காட்டற டெஸ்ட்) எப்ப பாத்தீங்க? என் பேரே எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். நானும் இதே மாதிரி எல்லாத்தையும் நிறுத்தி, வயிறு அமைதியாயிடுச்சுன்னு மாத்திரையையும் நிறுத்தினேன், ஒன்றரை வருஷம் நல்லாத்தான் இருந்தேன், ஏதோ ஒரு செக்கப்ல பாத்தா 1400. வலியே இல்லாம உள்ள எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. அதுக்குள்ள குடல் தழும்பாகி சுருங்கி ஸ்ட்ரிக்சர் ஆயிடுச்சு. ஒரு கல்யாணத்துல அவிச்ச சோளம் சாப்பிட்டேன், ராத்திரி பூரா வாந்தி, வயிறு பானை மாதிரி, காத்துகூட பிரியல, நேரா எமர்ஜென்சி.

வயித்துக்காரன், அதனால உன் எம்ஆர் ரிப்போர்ட்ல சுருக்கம் இருக்கா இல்லையான்னு முதல்ல கேளு. இருந்தா தோல், விதை, கொட்டை, பாப்கார்ன், காளான், நார் நாரா இருக்கற கீரைத்தண்டு எல்லாம் ஓரம் கட்டணும். இல்லன்னா அந்தப் பயமே உனக்குத் தேவையில்ல, நார்ச்சத்தை வாழ்நாள் பூரா ஒதுக்கணும்னு ஒண்ணும் கிடையாது. சிகரெட் இருந்தா மட்டும் இன்னைக்கே விடு, க்ரோன்ஸை அது நேரடியா மோசமாக்கும். தலைவலிக்கு ஐபுப்ரோஃபென் வகையறாவும் டாக்டரைக் கேக்காம வேண்டாம்.

தட்டுல_கணக்கு:

நான் டயட்டீஷியன், குடல் நோய் வார்டுல இருக்கேன். உங்க கேஸை நேர்ல பாக்காம அளவு சொல்ல மாட்டேன், பொதுவா சொல்றேன்.

க்ரோன்ஸுக்குன்னு ஒரே ஒரு டயட் கிடையாதுங்க. 2021ல ஒரு ட்ரையல் வந்துச்சு, 194 பேரை ரெண்டா பிரிச்சு ஒரு குரூப்புக்கு தானியம், சர்க்கரை எல்லாம் தடை பண்ற எஸ்சிடி டயட், இன்னொண்ணுக்கு சாதாரண மெடிடரேனியன் சாப்பாடு. 6 வாரம் கழிச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் தேறியிருந்தாங்க. அவ்ளோ கஷ்டப்பட்டு தானியத்தை விட்டவங்களுக்கு தனியா லாபம் ஒண்ணும் கிடைக்கல. லோ ஃபாட்மேப்பும் (குடல்ல புளிச்சு கேஸ் உண்டாக்கற சாப்பாட்டைக் குறைக்கற டயட்) அப்படித்தான், கேஸ், உப்புசம் குறையும், வீக்கம் குறையாது.

நீங்க இப்ப சாப்பிடறதுல புரதமே இல்ல. 8 கிலோ போன உடம்பு எதை வச்சு புண்ணை ஆத்தும்? முட்டை, மீன், தோல் எடுத்த கோழி, ஒவ்வொண்ணா, ரெண்டு மூணு நாள் இடைவெளி விட்டு திரும்பக் கொண்டு வாங்க, ஒரு நோட்டுல எழுதுங்க. பால் ஒத்துக்கலன்னா லாக்டோஸ்தான் காரணமா இருக்கும், தயிர் பலருக்கு ஒத்துக்கும், முயற்சி பண்ணாம தள்ளாதீங்க.

டப்பா விஷயம். மீன் எண்ணெயை ரெமிஷன் (நோய் அடங்கி இருக்கற நிலை) காக்குமான்னு பெரிய ட்ரையல் வச்சே பாத்துட்டாங்க, காக்கல. ப்ரோபயாடிக்குக்கு க்ரோன்ஸ்ல ஆதாரம் கிடையாது. மஞ்சள் கேப்சூல்ல கொஞ்சம் நல்ல ரிசல்ட் வந்தது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்ல, அது வேற நோய், அதோட அடர்த்தியான கேப்சூலால ஈரல் பாதிச்ச கேஸும் உண்டு, சமையல்ல போடற மஞ்சளுக்கு இதெல்லாம் பொருந்தாது. ஜிங்க் 50ஐ மாசக்கணக்குல போட்டா தாமிரம் குறையும். விட்டமின் டி மட்டும் உங்களுக்கு நிஜமாவே வேணும், ஸ்டீராய்ட் எடுக்கறதால கால்சியமும் சேத்து கேளுங்க, எலும்பு விஷயம். பியூடசோனைட் எடுக்கற வரைக்கும் கிரேப்ஃப்ரூட் ஜூஸ் கூடாது (திராட்சை இல்லங்க, ஆரஞ்சு மாதிரி பெருசா கசக்குமே அது), மருந்து ரத்தத்துல அளவுக்கு மேல ஏறிடும்.

பதிமூணு வயசு அம்மா:

பேரு குழப்பும், பையனுக்குத்தான் 13 :) அவனுக்கு ஸ்டீராய்டே குடுக்கல, 8 வாரம் வெறும் மருத்துவ ஊட்டச்சத்து பானம் மட்டும், வேற ஒரு பருக்கை கிடையாது. சின்னவங்களுக்கு முதல் சிகிச்சையே இதுதானாம். சாப்பாட்டால நோயை அடக்க முடியாதுன்னு ஒரேயடியா சொல்லிடாதீங்கன்னுதான் இதைச் சொல்றேன், ஆனா அது டாக்டர் கணக்கு போட்டுக் குடுத்தது, வாரா வாரம் எடை, ரத்தம் எல்லாம் பாத்தாங்க. மூணாவது வாரம் நாங்க சமையல் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு சாப்பிட்டோம், வாசனை வந்தா அழுவான். இப்ப மெத்தோட்ரெக்ஸேட் (நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கற மருந்து) போடறோம், அதுக்கு ஃபோலிக் ஆசிட் டாக்டரே எழுதிக் குடுத்திருக்கார். தம்பி, எடை ஏற அந்த மாதிரி பானத்தை சாப்பாட்டுக்கு நடுவுல குடிக்கலாமான்னு உன் டாக்டர்கிட்ட கேளு, பெரியவங்களுக்கும் குடுக்கறாங்க.

வயித்துக்காரன்29:

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், சாரி. ரெண்டாவது இன்னிங்ஸ் அக்கா சொன்ன அன்னைக்கே மெக்னீசியத்தை நிறுத்தினேன், நாலு நாள்ல 8 தடவை 4 ஆயிடுச்சு, சிரிக்கறதா அழறதான்னு தெரியல. டாக்டர்கிட்ட ஏழு டப்பாவையும் பையில போட்டு எடுத்துட்டுப் போய் மேஜை மேல வச்சேன், ஒரு நிமிஷம் பேசவே இல்ல அவர். டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் 9 சதவீதம், அதனால இரும்பு ஊசி வர்ற வியாழக்கிழமை. பி12 ஊசி ஆரம்பிச்சாச்சு. டியும் கால்சியமும் எழுதினார், மத்ததெல்லாம் வேண்டாம்னுட்டார். எம்ஆர்ல ஸ்ட்ரிக்சர் இல்ல. நேத்து அஞ்சு வாரத்துக்கு அப்புறம் ஒரு முட்டை சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகல, இன்னைக்கு ரெண்டு.

ரெண்டாவது இன்னிங்ஸ்:

சூப்பர்டா தம்பி. இரும்பு ஏத்தின அடுத்த வாரமே ஆர்வத்துல ஃபெரிட்டின் பாக்கப் போயிடாதே, அப்ப பாத்தா நானூறு ஐநூறுன்னு காட்டி பயமுறுத்தும், எட்டு வாரமாவது போகட்டும். ஹீமோகுளோபின் வேணா முன்னாடியே பாத்துக்கலாம்.