மாவட்டக் குழுவில் உறுப்பினராக அழைக்கிறார்கள்: யாருக்காகப் பேசுவது?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்)
வணக்கங்க. மூளை முடக்குவாதம் உள்ள பத்தொன்பது வயது மகனின் தாய் நான். மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்ட அளவிலான குழுவுக்கு என் பெயரைப் பரிந்துரைக்க எங்கள் பெற்றோர் சங்கத்தினர் விரும்புகிறார்கள். சக்கர நாற்காலிக்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் அலைந்த அனுபவம் எனக்கு உண்டு. ஆனால் பார்வையற்றவரின் தேவையோ காது கேளாதவரின் தேவையோ எனக்குத் தெரியாது. அரசுக்கு ஆலோசனை சொல்லும் இடத்தில் நான் அமர்வது முறைதானா?

மறுமொழி 1 (கோவை)
முறைதான் அம்மா. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அத்தனையையும் அறிந்த ஒருவர் எந்தக் குழுவிலும் இருக்க முடியாது. அச்சட்டத்தின் 72ஆவது பிரிவு மாவட்டக் குழுவையும், 66ஆவது பிரிவு துறை அமைச்சரின் தலைமையில் மாநில ஆலோசனை வாரியத்தையும் அமைக்கச் சொல்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகளின் சார்பில் வாரியத்துக்குப் பத்துப் பேர் நியமிக்கப்படுவார்கள். இயன்றவரை அவர்கள் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும் என்பதும், வாரியம் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பதும் சட்டத்திலேயே உள்ளன. உங்கள் மகனுக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டதால், சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கும் உள்ளூர்க் குழுவைப் பற்றியும் அறிந்துகொள்ளுங்கள். அது 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் வருவது.

மறுமொழி 2
நான் பார்வையற்றவன், முன்பு ஓர் ஆலோசனைக் குழுவில் இருந்தேன். கூட்டப் பொருள்களை அச்சிட்ட தாளாக மேசையில்தான் தந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் படித்துச் சொல்லி முடிப்பதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது. திரைவாசிப்பு மென்பொருள் படிக்கக்கூடிய கோப்பாக ஒரு வாரம் முன்பே அனுப்புமாறு மூன்று முறை எழுத்தில் கேட்ட பிறகுதான் வழக்கம் மாறியது. ஆகவே உங்கள் முதல் கூட்டத்திலேயே, காது கேளாத உறுப்பினருக்குச் சைகைமொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரா, சக்கர நாற்காலி அந்த அறைவரை வருமா என்று கேளுங்கள். உறுப்பினர் பேசவே வழியில்லாத குழுவில் ஆலோசனை எங்கிருந்து வரும்?

மறுமொழி 3 (சத்தியமங்கலம்)
அக்கா, தாளவாடி மலையை மறந்துவிடாதீர்கள். அங்கிருந்து மாவட்டத் தலைநகரான ஈரோட்டுக்கு வர வேண்டுமென்றால், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, ஒரு நாள் கூலியை இழந்து, துணைக்கு ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப்படும் மனுக்களை மட்டும் வைத்துத் தேவையைக் கணக்கிட்டால், வர முடியாதவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். மாற்றுத்திறனாளிகளின் தேவையை மதிப்பிடும் முகாம் மலைமேல் நடக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால், அதற்கு ஆதாரமாக ஊர்வாரியாகப் பெயர்ப்பட்டியல் தயாரித்துத் தர நாங்கள் இருக்கிறோம். முந்தைய கூட்டத் தீர்மானங்களில் எது நிறைவேறியது, எது நின்றது, எந்த அலுவலரிடம் நிற்கிறது என்பதையும் ஒவ்வொரு முறையும் குறிப்பில் பதியச் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்
மூவருக்கும் நன்றிங்க. சம்மதம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் தாளவாடிக்கு வருகிறேன். மகனையும் அழைத்து வருகிறேன். படப்பலகையைத் தொட்டு அவன் தன் விருப்பத்தைச் சொல்வான். அவனுக்கு என்ன வேண்டும் என்று இனி அவனிடமே கேட்டு எழுதிக்கொள்வேன்.