கடை லேப்டாப்பில் குரோம் திணறுகிறது, வழி உண்டா?

அல்சூர்_ஜெராக்ஸ்: அல்சூர் மார்க்கெட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாலு ஜிபி பழைய லேப்டாப். ரயில் டிக்கெட், ஆதார் பிரின்ட், கரண்ட் பில் என்று டேப் பெருகிக்கொண்டே போகிறது. எது எங்கே என்றே தெரியவில்லை. எதிரே நிற்பவர் "பேக மாடி சார்" (சீக்கிரம் செய்யுங்கள் சார்) என்று கன்னடத்தில் உயிரை வாங்குகிறார்.

கேஜிஎஃப்_பையன்: செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் போய் மெமரி சேவரை ஆன் செய்யுங்கள் அண்ணா. தொடாத டேப்கள் தூங்கிவிடும். தூங்கக் கூடாத தளங்களை அங்கேயே சேர்க்கலாம். டேப் தேட கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ. தெரியாமல் மூடியதைத் திரும்பக் கொண்டுவர, கடைசி எழுத்து மட்டும் ஏ-க்குப் பதில் டி (T).

மடிவாளா_அக்கா: வேகம் இருக்கட்டும் தம்பி, வாடிக்கையாளர் லாகின் எல்லாம் உங்கள் புரொஃபைலிலா? கெஸ்ட் விண்டோவில் திறங்கள். மூடியதும் ஹிஸ்டரி, குக்கி போய்விடும். பிடிஎஃப் மட்டும் டவுன்லோடு ஃபோல்டரில் தங்கும், அதை நீங்கள்தான் அழிக்க வேண்டும். விளம்பரத்தைத் தடுக்க யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற எக்ஸ்டென்ஷன் போடுங்கள். முழு யூபிளாக் வேண்டுமென்றால் ஃபயர்பாக்ஸ்தான்.

அல்சூர்_ஜெராக்ஸ்: கெஸ்ட் விண்டோ நல்ல யோசனை அக்கா. அதில் புக்மார்க் வராதே?

மடிவாளா_அக்கா: வராது. முகவரிகளை அட்டையில் எழுதி மானிட்டர் ஓரம் ஒட்டுங்கள்.