கொலிமேசனுக்குத் தமிழ்: நூல்பிடித்தல்

அன்பின் அனைவருக்கும்,

தரம் 10 பிள்ளைகளுக்கான தொலைகாட்டிக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். எல்லாம் முடிந்து, 'கொலிமேசன்' (collimation) என்ற இந்த ஒரு ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடி நிற்கிறோம்.

வேலை என்ன என்று ஒருமுறை பார்ப்போம். குழாயின் அடியில் 150 மில்லிமீற்றர் குழிவாடி. மேலே 45 பாகையில் சாய்ந்த சிறிய தளவாடி. முதலில் சிற்றாடியையும் பிறகு குழிவாடியையும் திருகாணிகளால் மெல்லத் திருப்பி, இரண்டையும் கண்வில்லையோடு ஒரே அச்சுக்குக் கொண்டுவருகிறோம். இதுதான் கொலிமேசன். அது பிசகினால் சனியின் வளையம் கலங்கித்தான் தெரியும். குவியத்தைச் சற்று விலக்கி ஒரு விண்மீனைப் பார்த்தால், அதன் ஒளி வட்டங்கள் ஒருபக்கம் ஒதுங்கிக் கிடக்கும்.

இதற்கு நம் குழுவில் ஐயா சொன்ன 'இணைகதிராக்கல்' என்ற சொல் கதிர்களை இணையாக்கும் கருவிக்குச் சரி. விண்மீன் ஒளியோ இணையாகவே வருகிறது. நாங்கள் திருப்புவது ஆடியை.

ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடிப் போனேன். 'கொலினேயாரே' என்ற இலத்தீன் வினையை யாரோ பிழையாகப் படித்ததில் வந்த சொல் இது. அதனுள் இருக்கும் 'லீனியா' முதலில் ஆளிநாரில் திரித்த நூலைக் குறித்தது. எங்கள் மேசன்மார் சுவர் கட்டும்போது நூல் பிடிக்கிறார்களே, அதேதான்! ஆகவே 'நூல்பிடித்தல்' என்கிறேன்.

கொக்குவில் அக்கா நன்னூல் பாயிரத்தை நினைவூட்டினார்: மரத்தின் கோட்டத்தை, அதாவது வளைவை, தீர்ப்பது நூல். அதிலிருந்து அவர் எடுத்த 'கோட்டந்தீர்த்தல்' எனக்கும் பிடித்த சொல். ஆனால் இன்றைய பிள்ளைக்குக் கோட்டம் என்றால் கோட்டக் கல்வி அலுவலகம்தான் நினைவுக்கு வரும்.

லகரம் றகரமாகி 'நூற்பிடித்தல்' என்றுதான் வரவேண்டும் என்பது ஐயாவின் அடுத்த கேள்வி. நூற்பா என்கிறோம், உண்மைதான். ஆனால் பால்குடிப் பிள்ளையை யாரும் பாற்குடி என்பதில்லை. இரண்டாம் வேற்றுமையில் வினை வந்து சேரும்போது இயல்பாக நிற்பதை நாவே அறியும்.

கொலிமேசன் என்றே விடலாம் என்ற தம்பிக்கு ஒரு சொல். மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மூன்று திருகாணி திருப்புவதற்கா எங்களிடம் சொல் இல்லை?

இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலானோர் நூல்பிடித்தலுக்கு உடன்பட்டுவிட்டார்கள், சிலர் களைத்துப்போய். அக்கா இன்னும் இணங்கவில்லை. ஐயா நேற்றிரவும் றகரத்துக்காக நீண்ட மடல் எழுதியிருக்கிறார். தலைப்பில் நூல்பிடித்தல், முதல் வரியில் ஒருமுறை கொலிமேசன் என்று பக்கத்தைத் திருத்தி வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிறு மாலைக்குள் எழுதுங்கள்.